டார்கெட் ரைஃபிளில் கையால் நிரப்பிய தோட்டா வெடிக்காவிட்டால்: அடித்தடம் பார்த்துக் காரணம் பிடிப்பது

ட்ரிகரை இழுத்தபின் ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் போல்ட்டிலிருந்து (தோட்டாவுக்குப் பின்னே குழலை மூடும் தண்டிலிருந்து) கையை எடுங்கள். குழல் டார்கெட்டை நோக்கியே இருக்கட்டும். குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். ரேஞ்சின் விதி அதற்கு மேல் கேட்டால் அதன்படி. பிரைமர் (தோட்டாவின் அடியில் இருக்கும் பற்றவைப்பான்) பற்றிக்கொண்டு பவுடர் தாமதமாகப் பிடிப்பது அரிது, பிடித்தாலும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் போல்ட் திறந்திருக்கும் நேரத்தில் அது நடந்தால் கேஸைத் (தோட்டாவின் பித்தளை உறையை) தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை, பித்தளைத் துண்டுகள் முகத்துக்குத்தான் வரும். காத்த பிறகும் முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டே திறந்து தோட்டாவை எடுங்கள்.

‘டிக்’குக்குப் பதிலாக ‘புஸ்’ என்று மங்கலாகக் கேட்டாலோ, சுட்ட சத்தம் வந்தும் உதைப்பு இல்லாமல் போனாலோ அது வேறு கதை. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, கிளீனிங் ராடு விட்டுப் பார்க்கும்வரை அடுத்த தோட்டாவைத் தொடக்கூடாது. போட்டி நேரம் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

வெளியே வந்த தோட்டாவை அங்கேயே மறுபடி அடித்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். இரண்டாவது அடி, முதல் அடி பிரைமரில் பதித்த தடத்தை அழித்துவிடும் என்பதால் அதற்கு முன் மூன்று காரியங்களை முடியுங்கள். பத்து மடங்கு லென்ஸில் தடத்தைப் பாருங்கள். பிரைமர் கேஸின் அடிப்பரப்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று காலிப்பரின் ஆழக்கம்பியால் அளந்து எழுதுங்கள். கம்பேரட்டர் (காலிப்பரில் மாட்டும் அளவுத் துண்டு) இருந்தால் கேஸின் அடியிலிருந்து ஷோல்டர்வரை (கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவுவரை) அளந்து அதையும் எழுதுங்கள். பிறகு வேண்டுமானால் அடிக்கலாம்.

தடத்தைப் பார்ப்பதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெடித்த கேஸின் தடத்தோடு வெடிக்காத தோட்டாவின் தடத்தை ஒப்பிட்டு, ‘இது ஆழம் குறைவு’ என்று முடிவு கட்டுவார்கள். வெடித்த பிரைமரை உள்ளழுத்தம் பின்னோக்கித் தள்ளி, ஊசியின் முனையைச் சுற்றி வார்த்தது போல் ஆக்கியிருக்கும். அந்தத் தடம் அடியின் பலத்தை மட்டும் காட்டுவதில்லை. வெடிக்காத தோட்டாவை வெடிக்காத இன்னொரு தோட்டாவோடுதான் ஒப்பிட வேண்டும். அதனால்தான் அவற்றைத் தூக்கிப் போடாமல் தனி டப்பாவில் சேர்த்து வைப்பது.

அடி எங்கே செலவாகிறது

பிரைமர் மூன்று பொருள்: மெல்லிய உலோகக் கிண்ணம், அதற்குள் அடி பட்டால் பற்றும் கலவை, கலவைக்கு எதிரே நிற்கும் ஆன்வில். கிண்ணத்துக்கும் ஆன்விலுக்கும் இடையே கலவை நசுங்க வேண்டும், அதுவும் வேகமாக. ஃபயரிங் பின் (இனி ஊசி) கொண்டுவரும் சக்தி ஓர் அளவோடு நிற்கும். அந்தச் சக்தியைக் கொண்டு வழியில் வேறு எதையாவது நகர்த்த வேண்டியிருந்தால் கலவைக்குப் போய்ச் சேருவது குறையும். கேஸின் அடியிலுள்ள குழியில் சரியாக அமராத பிரைமர், சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறையில்) முன்னோக்கி நழுவும் கேஸ், முழுதாக மூடாத போல்ட், போல்ட்டுக்குள் கெட்டிப்பட்ட கிரீஸ்: கையால் நிரப்பிய தோட்டாவில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். கெட்ட பிரைமர் என்ற சந்தேகம் கடைசியில் வரட்டும்.

முதல் அடியில் வெடிக்கவில்லை, இரண்டாவது அடியில் வெடித்தது

பிரைமர் குழியின் அடிவரை இறங்கவில்லை. முதல் அடி அதைத் தள்ளி உட்கார வைத்தது, இரண்டாவது அடி கொளுத்தியது. எழுதி வைத்த அளவைப் பாருங்கள். ரைஃபிள் தோட்டாவில் பிரைமர் கேஸின் அடிப்பரப்போடு சமமாகவோ 0.008 இன்ச்வரை உள்ளேயோ இருக்கலாம் என்பது தொழிற்துறை வரம்பு. டார்கெட் வேலைக்கு 0.003 முதல் 0.005 இன்ச் (0.08 முதல் 0.13 மி.மீ.) உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். சமமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். விரலால் தடவும்போது மேடு தட்டினால் அதைச் சேம்பரில் ஏற்றவே கூடாது. போல்ட் மூடும்போதே வெடிக்கும் அபாயம் உண்டு.

ஆனால் அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஆன்விலின் கால்கள் குழியின் தரையைத் தொட வேண்டும், தொட்டபின் கிண்ணம் இன்னும் 0.002 முதல் 0.004 இன்ச் இறங்கிக் கலவை லேசாக அழுந்த வேண்டும். குழியின் ஆழம் கேஸுக்குக் கேஸ் மாறினால், எல்லாப் பிரைமரும் 0.004 இன்ச் உள்ளே இருந்தும்கூடச் சிலவற்றின் கால்கள் தரையைத் தொடாமலே நிற்கும். யூனிஃபார்மர் கொண்டு குழியின் தரையை ஒரே ஆழத்துக்குச் சீவுவது இதற்காகத்தான். அதிகம் சீவிவிட்டால் பிரைமரை வரம்பு தாண்டி ஆழமாக இறக்கினால்தான் தரை தட்டும், ஊசி எட்டுவது குறையும். அந்தக் கேஸுக்கு மருந்தில்லை, ஒதுக்குங்கள்.

குழியின் மூலையில் படியும் கரி பற்றியும் சொல்ல வேண்டும். தரையில் படிந்த கரி கண்ணுக்குத் தெரியும், மூலையில் படிந்தது தெரியாது. ஆனால் ஆன்வில் கால்கள் உட்காருவது மூலைக்குப் பக்கத்தில்தான். கரி மேல் உட்கார்ந்த கால்கள் அடி விழும்போது அதை நொறுக்கிக்கொண்டு இறங்கும், அடி அங்கே வீணாகும். நான்கைந்து முறை சுட்ட கேஸ்களில் மட்டும் கோளாறு வந்து புதுக் கேஸ்களில் வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

பிரைமர் ஏற்றும் கருவியின் நெம்புகோலில் இரண்டு கட்டத்தைக் கை உணர வேண்டும்: உராய்ந்துகொண்டு இறங்குவது, பிறகு ‘தரை தட்டியது’ என்ற நிறுத்தம். நிறுத்தம் உணர்ந்தபின் சிறு அழுத்தம் போதும். பெரிய பிரஸ்ஸின் நீண்ட கைப்பிடியில் இந்த உணர்வு மங்கிவிடும், அதனால் கைக்கருவியே மேல் என்பது எங்கள் பக்கம். உணர்வே இல்லாமல் மூர்க்கமாக அழுத்தினால் கலவை வில்லை விரிசல் விடும். அந்தக் கோளாறு வேறு அறிகுறியில் வரும்.

ஒரு விதிவிலக்கு. பிரைமர் அளவு சரியாக இருந்தும், போல்ட் கைப்பிடியை மட்டும் தூக்கி இறக்கி அடித்தபோது வெடித்தால், முதல் அடி கேஸைத்தான் முன்னே தள்ளியிருக்கிறது. அதற்கு அடுத்த பகுதி.

குறிப்பிட்ட கேஸ்களில் மட்டும் தடம் மேலோட்டமாக இருக்கிறது

சைசிங் டை (சுட்ட கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) ஷோல்டரை அளவுக்கு மேல் பின்தள்ளியிருக்கிறது, அதனால் ஷோல்டருக்கும் சேம்பருக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. ஊசி அடிக்கும்போது கேஸ் அந்த இடைவெளி முழுவதும் முன்னே ஓடி, ஷோல்டர் சேம்பரில் முட்டிய பிறகே உண்மையான அடி விழுகிறது. போல்ட் முகத்தில் ஸ்பிரிங் வைத்த எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் முளை) இருந்தால் அது கேஸை முன்கூட்டியே தள்ளி வைத்திருக்கும்; அப்போது ஊசி எட்ட வேண்டிய தூரம் அதே அளவுக்குக் கூடும்.

அடியிலிருந்து ஷோல்டர்வரை, சுட்ட கேஸின் அளவிலிருந்து சைஸ் செய்த கேஸின் அளவைக் கழியுங்கள். 0.001 முதல் 0.002 இன்ச் (0.03 முதல் 0.05 மி.மீ.) வந்தால் நல்லது. 0.006, 0.008 என்று வந்தால் டையை ஷெல் ஹோல்டரில் (பிரஸ்ஸில் கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டில்) முட்டும்வரை திருகிப் பூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். டையை வெளியே திருகி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கேஸைச் சேம்பரில் ஏற்றினால் போல்ட் கைக்கு லேசான தடை தெரிய மூடும் இடத்தில் நிறுத்துங்கள். இதைப் பார்க்கும்போது போல்ட்டிலிருந்து ஊசித் தொகுதியையும் எஜெக்டரையும் கழற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் அவற்றின் ஸ்பிரிங் கைக்குப் பொய் சொல்லும்.

கம்பேரட்டர் இல்லாதவர்களுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. சைஸ் செய்த கேஸில் பவுடரோ குண்டோ இல்லாமல் பிரைமர் மட்டும் ஏற்றுங்கள். ரேஞ்சில், கண்ணாடி போட்டு, குழல் பாதுகாப்பான திசையில் இருக்க அதைச் சுடுங்கள். கேஸைப் பின்னே தள்ளப் போதிய அழுத்தம் அதில் இல்லை. அதனால் பிரைமர் மட்டும் பின்வாங்கிப் போல்ட் முகத்தில் முட்டி நிற்கும். கேஸின் அடியிலிருந்து அது எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் உங்கள் இடைவெளி. ஒரு கேஸை ஒரு முறைதான் இதற்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு அடியும் ஷோல்டரை இன்னும் கொஞ்சம் பின்தள்ளும், எண் கூடிக்கொண்டே போகும். சோதித்த கேஸைத் திரும்ப நிரப்ப எடுக்காதீர்கள்.

இதைச் சரிசெய்யாமல் விடுவதன் விலை வெடிக்காமல் போகும் தோட்டா மட்டுமல்ல. அதே இடைவெளி, வெடிக்கும் தோட்டாக்களில் கேஸின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவரை இழுத்து மெலிய வைக்கிறது. வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால், அல்லது நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுக்கும்போது பள்ளம் தட்டினால், அந்தக் கேஸ் இரண்டாகப் பிரியக் காத்திருக்கிறது.

எல்லாத் தோட்டாவிலும் தடம் மேலோட்டம், அல்லது தடத்தின் ஆழம் மாறிமாறி வருகிறது

இப்போது ரைஃபிளைப் பாருங்கள். போல்ட்டைப் பிரித்து, ஊசியையும் ஸ்பிரிங்கையும் உள்துளையையும் கரைப்பானில் கழுவி உலர்த்துங்கள். உள்ளே கிரீஸ் வேண்டாம். மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும், குளிரில் அதுவும் வேண்டாம். கிரீஸ் போட வேண்டிய இடம் லாக்கிங் லக்கின் (போல்ட்டைப் பூட்டும் முளையின்) பின்முகமும் காக்கிங் சரிவும் (போல்ட்டைத் தூக்கும்போது ஊசியைப் பின்னிழுக்கும் சரிவும்) தான்.

ஊசித் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். எப்போதோ ஒரு பிரைமர் துளைபட்டிருந்தால், காசு போல் வெட்டுப்பட்ட சிறு வட்டத் தகடு ஒன்று ஊசித் துளை வழியாகப் போல்ட்டுக்குள் போய்க் கிடக்கும். ஊசி அதில் முட்டி நின்றுவிடும். துளைபட்ட பிரைமரும் அடுத்த மாதத்து ‘டிக்’கும் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றாததால், இதைத் தேடாமலே புது ஸ்பிரிங் வாங்கியவர்கள் நிறைய.

அடுத்து ஊசி வெளித்தள்ளும் நீளம். ஊசி விடுபட்ட நிலையில் போல்ட் முகத்திலிருந்து அளந்தால் பல சென்டர்ஃபயர் (பிரைமர் கேஸின் அடியில் நடுவே இருக்கும் தோட்டாவுக்கான) ஆக்‌ஷன்களில் (போல்ட் ஓடும் பொறியமைப்புகளில்) 0.050 முதல் 0.060 இன்ச் (1.3 முதல் 1.5 மி.மீ.) இருக்கும். உங்கள் ஆக்‌ஷனுக்குத் தயாரிப்பாளர் தரும் எண்ணே முடிவு. காக்கிங் பீஸ் (ஊசியின் பின்முனையில் ட்ரிகர் பிடித்து நிறுத்தும் துண்டு) திருகாணியால் பூட்டப்படும் மாடல்களில் திருகாணி தளர்ந்து இந்த நீளம் தானாகக் குறைவதுண்டு. நீளத்தை இஷ்டத்துக்குக் கூட்டினால் பிரைமர் துளைபடும்.

ஸ்பிரிங் களைத்துப்போகும். ரெமிங்டன் 700 வகைக்கு 24 பவுண்டு ஸ்பிரிங் வழக்கம், 28 பவுண்டு மாற்றும் கிடைக்கிறது. கனமான ஸ்பிரிங்கை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைப்பது தவறு. போல்ட் தூக்குவது கடினமாகும், அடியின் அதிர்ச்சியில் ரைஃபிள் குறியிலிருந்து அசையும், இடைவெளி உள்ள கேஸை இன்னும் பலமாக முன்னே தள்ளும். பழையதற்கு அதே எடையில் புதியது மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.

தடத்தின் ஆழம் மாறிக்கொண்டே இருந்தால் உராய்வைத் தேடுங்கள். காக்கிங் பீஸின் பக்கங்களில், ட்ரிகர் மேல்பகுதியில், போல்ட் ஷ்ரவுடின் (போல்ட்டின் பின்முனை மூடியின்) உள்சுவரில், ஸ்பிரிங்கின் வெளிவிளிம்பில் தேய்ந்த பளபளப்பு இருக்கிறதா பாருங்கள். மார்க்கர் மை பூசி இருபது முறை வெறும் ஊசி விடுங்கள்; மை அழியும் இடம் உராயும் இடம். காக்கிங் பீஸ் விழும்போது போல்ட்டின் சரிவில் தட்டக்கூடாது. தட்டுகிறதா என்று அறிய, வெறும் ரைஃபிளில் ட்ரிகரை இழுத்துப் போல்ட் கைப்பிடியைக் கவனியுங்கள். கைப்பிடி துள்ளினால் அடி அங்கே கசிகிறது.

கைப்பிடி முழுதாக இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டாக்கில் வெட்டிய இடம் போதாமல் கைப்பிடி மரத்தில் முட்டும். நீளம் கூடிய ஸ்கோப் பேஸ் திருகாணி லக்கைத் தொடும். பின்பக்க ஆக்‌ஷன் திருகாணி போல்ட்டின் உடலை உரசும். கடைசி இரண்டும் திருகாணியைக் கழற்றிச் சோதித்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்கோப்போ ஸ்டாக்கோ மாற்றியபின் தொடங்கிய கோளாறு என்றால் முதலில் இங்கே வாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி பலவீனப்படுவது ‘டிக்’ என்று கேட்பதற்கு வெகு முன்பே டார்கெட்டில் தெரிந்துவிடும். பவுடரை எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும் வேகத்தின் வித்தியாசம் குறையாது, தூரம் கூடக்கூடக் குறிகள் மேலும் கீழுமாக நீளும். குண்டு, பவுடர், நெக் டென்ஷன் (கேஸின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம்) என்று எல்லாவற்றையும் மாற்றிக் களைத்தவர்கள் ஊசியைப் பார்ப்பதேயில்லை.

தடம் ஆழமாக, நடுவில் இருக்கிறது; ஆனாலும் வெடிக்கவில்லை

இங்கேதான் பிரைமர் மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு. குண்டை உருவி, பவுடரைக் கொட்டி, ஃப்ளாஷ் துளை (பிரைமரின் தீ பவுடருக்குப் போகும் துளை) வழியாக உள்ளே பாருங்கள். ஆன்வில் இல்லாத பிரைமர் அபூர்வம், ஆனாலும் உண்டு. அதைவிட அடிக்கடி காண்பது ஈரமும் எண்ணெயும். ஈரக் கழுவலுக்குப்பின் குழியில் தேங்கிய நீர், உள்ளே ஒழுகிய சைசிங் மெழுகு, எண்ணெய் பட்ட விரலால் தொட்ட பிரைமர். கேஸ்களைக் கழுவினால் குழி வரை முழுதாக உலரவிட்டு ஏற்றுங்கள், பிரைமர்களைத் தட்டிலிருந்து நேராகக் கருவிக்குக் கொட்டுங்கள்.

கிண்ணத்தின் தடிப்பும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். சிறிய ரைஃபிள் பிரைமர்களில் சிசிஐ 400-இன் கிண்ணம் 0.020 இன்ச், சிசிஐ 450-இன் கிண்ணம் 0.025 இன்ச். இதுவரை மெல்லியதில் ஓடிய ரைஃபிள் தடித்ததில் தடுமாறினால் பிரைமரைக் குறை சொல்ல முடியாது. ஊசியின் பலம் முன்பே விளிம்பில் இருந்திருக்கிறது. பிரைமர் மாற்றினால் லோடையும் (பவுடரின் அளவையும்) குறைத்துத் தொடங்கி மறுபடி ஏற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தடம் ஓரமாக விழுந்திருந்தால் என்ன? ஊசி முனையின் அகலத்தில் பாதிக்குள் விலகினால் விட்டுவிடலாம். அதைவிட அதிகமானால் ஆன்விலின் முனைக்கு நேரே அடி விழாது. போல்ட்டும் சேம்பரும் ஒரே அச்சில் இல்லை. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பிரைமர் வெடித்தது, பவுடர் பிடிக்கவில்லை

அல்லது ‘டிக்…டப்’ என்று இடைவெளி விட்டுச் சுட்டது. கேஸைக் கவிழ்த்தால் கருகாத பவுடர், சில சமயம் மஞ்சளாகக் கட்டிப்பட்டு விழும். குண்டு லேண்டில் (குழலின் உள்ளே சுழல் வரியாக ஓடும் மேட்டில்) சிக்கியிருக்கலாம். முன்பு சொன்னபடி குழலைப் பார்த்துவிட்டே அடுத்தது.

பவுடரே போட மறந்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. நிரப்பும் தட்டில் எல்லாக் கேஸின் வாயையும் டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கம் அதற்குப் போதும். பவுடர் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ஃப்ளாஷ் துளையைப் பாருங்கள். கேஸைத் துலக்கப் போட்ட சோளத்தக்கைத் துகள் ஒன்று அடைத்திருக்கும், அல்லது ஸ்டீல் பின் போட்டுக் கழுவியவர்களுக்கு அந்தப் பின்தான் சிக்கியிருக்கும். அளவும் முக்கியம்: வழக்கமான துளை ஏறக்குறைய 2.0 மி.மீ.; .308-க்கான லபுவா பால்மா கேஸ் போன்ற சிறு பிரைமர் கேஸ்களில் 1.5 மி.மீ. பெரிய கேஸ், மெதுவாக எரியும் பவுடர், சிறிய பிரைமர், குளிர்காலம் ஆகிய நான்கும் சேரும்போது தாமதமாகப் பிடிப்பது கேள்விப்படாததல்ல. லோட் புத்தகம் அனுமதித்தால் மேக்னம் பிரைமர் (பலமான தீ தருவது), இல்லையென்றால் சற்று வேகமான பவுடர். கேஸின் பாதிகூட நிறையாத லோடும், குண்டைத் தளர்வாகப் பிடிக்கும் நெக்கும் இதே கோளாறைத் தரும். புத்தகத்தின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே தோட்டாவை அதே சேம்பர் உள்ள வேறு ரைஃபிளில் அடிப்பதும், இந்த ரைஃபிளில் தொழிற்சாலைத் தோட்டா அடிப்பதும் குற்றவாளி தோட்டாவா ரைஃபிளா என்று பிரித்துவிடும். முதலாவதற்கு ஷோல்டர் அளவும் லோடும் அந்த ரைஃபிளுக்குப் பாதுகாப்பானவை என்று உறுதியாக இருக்க வேண்டும்.

எத்தனை சுட்டபின் நிம்மதி என்பது கணக்கு. 50-க்கு ஒன்று வெடிக்காத ரைஃபிளில் ஒன்றுமே சரிசெய்யாமல் 20 தோட்டா சுட்டாலும் எல்லாம் வெடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த விகிதக் கோளாறு போய்விட்டது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல ஏறக்குறைய 150 தோட்டா தொடர்ந்து வெடிக்க வேண்டும். ஐந்து சுட்டுவிட்டுப் ‘போயிற்று’ என்பவர்களுக்குத்தான் போட்டி நாளில் திரும்பி வரும். பிரைமரின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், கேஸ் எத்தனையாவது சுற்று, அன்றைய வெப்பநிலை ஆகிய மூன்றையும் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள்.

அடிபட்டும் வெடிக்காத தோட்டாவைப் பிரிக்கச் சுத்தியல் வகைக் குண்டு உருவியை எடுக்காதீர்கள். பாதி நசுங்கிய கலவைக்கு மேல் இன்னும் அடிகள் எதற்கு? பிரஸ்ஸில் மாட்டும் காலட் உருவி மெதுவாக இழுக்கும். கண்ணாடி போடுங்கள், கொட்டிய பவுடரை டப்பாவில் திரும்பக் கலக்காதீர்கள். பிரைமர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கேஸோடு சேர்த்து ரேஞ்சின் வெடிக்காத தோட்டாப் பெட்டியில் போடுங்கள்.